வீடுகள் ஒன்றுசேர்ந்து மின்சார, எரிவாயுக் கட்டணத்தைப் பேரம் பேசிக் குறைப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

தனி ஒரு வீட்டார் மின்சாரம் வழங்கும் நிறுவனத்திடம் சென்று விலையைக் குறைத்துத் தரும்படி கேட்டால், அச்சிட்ட கட்டணப் பட்டியலைக் காட்டி அனுப்பிவிடுவார்கள். அதே கோரிக்கையைச் சில ஆயிரம் வீடுகள், தங்கள் பயன்பாட்டுக் கணக்கையும் ஒப்பந்தம் முடியும் தேதிகளையும் கையில் வைத்துக்கொண்டு ஒரே குரலில் கேட்கும்போது, நிறுவனமே ஆளனுப்பிப் பேச முன்வருகிறது. இந்த முறையைக் கூட்டுக் கொள்முதல் என்று சொல்லலாம். பெல்ஜியம், நெதர்லாந்து, பிரிட்டன், ஆஸ்திரேலியா ஆகிய நாடுகளில் நுகர்வோர் அமைப்புகளும் உள்ளாட்சி மன்றங்களும் இதைப் பல முறை நடத்தியிருக்கின்றன. பிரிட்டனில் ‘விச்?’ என்னும் நுகர்வோர் அமைப்பு 2012-ஆம் ஆண்டு, வழங்கும் நிறுவனங்கள் போட்டியிட்டு விலையைக் குறைத்துக் கேட்கும்படி நடத்திய கூட்டு ஏலத்தில் இரண்டே முக்கால் லட்சத்துக்கும் மேற்பட்டோர் பெயர் கொடுத்தார்கள். ஏலத்தில் கோ-ஆபரேட்டிவ் எனர்ஜி என்ற கூட்டுறவு நிறுவனம் வென்றது. பெயர் கொடுத்தவர்களில் ஒரு பகுதியினர்தான் கடைசியில் நிறுவனம் மாறினார்கள் என்பதையும் சேர்த்தே நினைவில் வைக்க வேண்டும். கீழே சொல்லப்போகும் பல யோசனைகளுக்கு அதுவே காரணம்.

தள்ளுபடி எங்கிருந்து வருகிறது

வேலையைத் தொடங்கும் முன் இந்தக் கணக்கைப் புரிந்துகொள்வது அவசியம். ஒரு வீட்டின் மின்சார, எரிவாயுக் கட்டணத்தில் நான்கு பங்குகள் இருக்கின்றன: மொத்தச் சந்தையில் அவற்றை வாங்கும் செலவு, கம்பித்தடத்துக்கும் குழாய்த்தடத்துக்கும் செலுத்தும் கட்டணம், வரிகளும் அரசு விதிக்கும் கூடுதல் தீர்வைகளும், நிறுவனத்தின் நடைமுறைச் செலவும் லாபமும். தடக் கட்டணமும் வரியும் எந்த நிறுவனத்திடம் வாங்கினாலும் ஒன்றுதான். மொத்தச் சந்தை விலையிலும் பெரிய சலுகை கிடைக்காது, ஏனென்றால் லட்சக்கணக்கான வாடிக்கையாளர்களுக்காகப் பல மாதங்கள் முன்கூட்டியே மின்சாரம் வாங்கி வைக்கும் ஒரு நிறுவனத்துக்கு, மேலும் இரண்டாயிரம் வீடுகள் சேர்வதால் கொள்முதல் விலை குறைந்துவிடுவதில்லை. லாபமோ பலர் நினைப்பதைவிட மெலிந்தது: பிரிட்டனின் ஒழுங்குமுறை அமைப்பான ஆஃப்ஜெம், 2019 ஜனவரியில் விலை உச்சவரம்பைக் கொண்டுவந்தபோது நிறுவனங்களின் லாபத்துக்கென்று ஒதுக்கிய பங்கு 1.9 சதவீதம் மட்டுமே.

ஆகவே, விட்டுக்கொடுக்க நிறுவனத்திடம் மிஞ்சுவது ஒரு புதிய வாடிக்கையாளரைப் பிடிப்பதற்கு அது வழக்கமாகச் செலவிடும் தொகை: விளம்பரம், வீடுவீடாகச் செல்லும் விற்பனையாளர், விலை ஒப்பிடும் தளங்களுக்குக் கொடுக்கும் கமிஷன் முதலானவை. ஒரு குழு ஆயிரம் வாடிக்கையாளர்களை ஒரே நாளில், பிழையில்லாத விவரங்களோடு கொண்டுவந்து கொடுத்தால் அந்தச் செலவு மிச்சமாகிறது. அந்த மிச்சத்தில் ஒரு பகுதியைத்தான் நாம் கேட்டு வாங்குகிறோம். இதனால் குழுவின் பலம் வெறும் தலைக்கணக்கில் இல்லை. பெயர் கொடுத்தவர்களில் எத்தனை பேர் உண்மையிலேயே மாறுவார்கள், எத்தனை பேர் ஒழுங்காகக் கட்டணம் கட்டுவார்கள் என்ற நம்பிக்கைக்குத்தான் நிறுவனம் விலை கொடுக்கிறது. பத்தாயிரம் அரைமனதான பெயர்களைவிட, பில்லைக் கையில் எடுத்து வைத்திருக்கும் ஆயிரம் வீடுகள் மதிப்பு மிக்கவை.

சேமிப்பின் இன்னொரு ஊற்று சற்றுச் சங்கடமானது. போட்டிச் சந்தைகளில் பல ஆண்டுகளாக ஒரே நிறுவனத்தில் இருப்பவர்கள் விலை கூடிய வழக்கமான திட்டத்தில் விடப்பட்டிருக்கும்போது, புதிதாக வருபவர்களுக்கு மலிவான திட்டம் கிடைப்பது வழக்கம். கூட்டுக் கொள்முதலில் ‘சராசரியாக இவ்வளவு மிச்சம்’ என்று அறிவிக்கப்படும் தொகையில் பெரும்பகுதி இந்த இடைவெளியிலிருந்தே வருகிறது. அந்த வீட்டார் தாமாகவே மாறியிருந்தாலும் அதில் பெரும்பங்கு கிடைத்திருக்கும். இருந்தாலும் பெரும்பாலோர் தாமாக மாறுவதில்லை. ஆஃப்ஜெம் 2018-இல் ஒரு பெரிய நிறுவனத்தின் 50,000 வாடிக்கையாளர்களிடம் கூட்டு மாற்றத்தைச் சோதித்துப் பார்த்தபோது, அழைப்புக் கடிதம் பெற்றவர்களில் 22 சதவீதத்துக்கும் அதிகமானோர் மாறினார்கள். கடிதம் பெறாத ஒப்பீட்டுக் குழுவில் மாறியவர்கள் 3 சதவீதத்துக்கும் குறைவு. மலிவான விலையைத் தேடித் தருவதைப் போலவே, தயங்கி நிற்பவர்களுக்கு மாறும் வேலையை எளிதாக்குவதும் குழுவின் தொண்டுதான்.

முதல் படி: சந்தை இடம் தருகிறதா என்று பாருங்கள்

வீட்டார் தங்கள் மின் நிறுவனத்தைத் தாமே தேர்ந்தெடுக்கச் சட்டம் அனுமதிக்கும் இடத்தில்தான் இந்த முறை செல்லும். ஒரே நிறுவனம், ஆணையம் நிர்ணயித்த ஒரே கட்டணம் என்று இருக்கும் இடத்தில் எத்தனை வீடுகள் சேர்ந்தாலும் யூனிட் விலையைப் பேரம் பேச முடியாது. அங்கே கூட்டாக வாங்கக்கூடியவை வேறு. அவற்றைப் பற்றிப் பின்னால் சொல்கிறேன்.

போட்டி இருந்தாலும் பருவம் பார்க்க வேண்டும். மொத்தச் சந்தை விலை வேகமாக ஏறும் காலத்தில் ஏலத்துக்கு எந்த நிறுவனமும் வராது. 2021-ஆம் ஆண்டின் பிற்பகுதியில் எரிவாயு விலை எகிறியபோது பிரிட்டனில் இருபதுக்கும் மேற்பட்ட வழங்குநர்கள் சில மாதங்களுக்குள் கடையை மூடினார்கள். விலை உச்சவரம்புக்குக் கீழே எவரும் திட்டம் தர முன்வராத நிலை நெடுநாள் நீடித்தது. அப்படிப்பட்ட நேரத்தில் உறுப்பினர் பட்டியலைப் பத்திரமாக வைத்துக்கொண்டு காத்திருப்பதே சரி. சந்தையில் நிலைத்த விலைத் திட்டங்கள், அதாவது குறித்த காலம்வரை விலை மாறாத திட்டங்கள், பல கிடைப்பதும், அவை வழக்கமான திட்டத்தைவிடத் தெளிவாக மலிவாக இருப்பதும் பேரத்துக்கு ஏற்ற காலத்தின் அடையாளங்கள்.

இரண்டாம் படி: யார் நடத்துவது

நடத்தும் பொறுப்பை ஐந்தாறு பேர் கொண்ட சிறு குழு ஏற்றால் போதும். ஒருவர் கணக்குப் பார்க்கத் தெரிந்தவராகவும், ஒருவர் ஒப்பந்த வாசகங்களைப் பொறுமையாகப் படிப்பவராகவும் இருப்பது நல்லது. குடியிருப்போர் சங்கம், கூட்டுறவுச் சங்கம், வழிபாட்டிடம், தொழிற்சங்கம் என்று ஏற்கெனவே மக்கள் நம்பும் ஓர் அமைப்பின் நிழலில் செய்தால் உறுப்பினர் சேர்ப்பது பாதி வேலையாகக் குறையும்.

எண்ணிக்கை சில நூறுக்குள் இருந்தால் தனியாக ஏலம் நடத்த முயல வேண்டாம். நிறுவனங்கள் பதில் கடிதம்கூட எழுத மாட்டா. ஏற்கெனவே நடைபெறும் பெரிய கூட்டுக் கொள்முதலில் ஒரு கிளையாக இணைந்துகொள்வதே நடைமுறைக்கு ஒத்தது. ஏலம் நடத்துவதையே தொழிலாகக் கொண்ட இடைநிலை நிறுவனங்களும் உண்டு. பெல்ஜியத்தில் தோன்றிய ஐசூசர் அவற்றுள் ஒன்று. அத்தகைய ஒன்றை அமர்த்தினால், ஒரு வீடு மாறும்போது வெற்றி பெற்ற வழங்குநரிடமிருந்து அது பெறும் கமிஷன் எவ்வளவு, அதில் குழுவுக்குப் பங்கு உண்டா என்ற இரண்டையும் எழுத்தில் வாங்கி, உறுப்பினர்கள் அனைவருக்கும் தெரிவியுங்கள். கமிஷன் வாங்குவது தவறில்லை. அது கடைசியில் கட்டணத்துக்குள்ளேதான் அடங்கியிருக்கிறது என்பதால் மறைப்பதுதான் தவறு.

அமெரிக்காவின் சில மாநிலங்களில் வேறொரு வழி இருக்கிறது. 1997-இல் மாசசூசெட்ஸ் இயற்றிய சட்டத்தைத் தொடர்ந்து ஒஹாயோ, கலிபோர்னியா, இல்லினாய் போன்ற மாநிலங்களும், நகராட்சியே தன் எல்லைக்குள் இருக்கும் வீடுகளுக்காக மின்சாரம் வாங்க இடம் கொடுத்தன. அங்கே வேண்டாம் என்று எழுதிக் கொடுப்பவர் மட்டுமே வெளியே இருப்பார். மற்றவர்கள் தாமாகவே சேர்ந்துவிடுவார்கள். ஆட்களைத் திரட்டும் பாடு இதில் இல்லை, ஆனால் விலையும் எப்போதும் சாதகமாக இருப்பதில்லை. சிகாகோ நகரம் 2012-இல் வாக்கெடுப்பு நடத்தித் தொடங்கிய திட்டத்தை, வழக்கமான கட்டணத்தோடு ஒப்பிட்டால் சேமிப்பு மறைந்துபோனதால் 2015-இல் கைவிட்டது. உங்கள் பகுதியில் இத்தகைய சட்டம் இருந்தால் தனிக்குழு அமைப்பதைவிட நகராட்சி மன்றத்தை அணுகுவது பயன் தரும்.

மூன்றாம் படி: விவரம் திரட்டுதல்

அலுப்பூட்டும் வேலை இதுதான். ஆனால் பேரத்தின் வெற்றி தோல்வியைத் தீர்மானிப்பதும் இதுதான். ஒவ்வொரு வீட்டிலிருந்தும் கடந்த பன்னிரண்டு மாதப் பயன்பாடு கிலோவாட் மணி அளவில், அதாவது யூனிட் கணக்கில், தேவைப்படுகிறது. மாதம் எவ்வளவு பணம் கட்டுகிறோம் என்று எழுதிக் கொடுப்பவர்களே அதிகம். பணத் தொகையை வைத்துக்கொண்டு எதையும் ஒப்பிட முடியாது, ஏனென்றால் அதில் பழைய நிலுவையும் முன்பணமும் கலந்திருக்கும். நிறுவனம் மதிப்பீடு செய்து போட்ட யூனிட் கணக்கையும் நம்பாமல், மீட்டரைப் பார்த்துப் பதிந்த கணக்காக வாங்குவது நல்லது.

இதோடு மீட்டரின் வகை (ஒரே விலை மீட்டரா, பகல் இரவு என்று இரண்டு விலையா, முன்பணம் போட்டுப் பயன்படுத்துவதா), இப்போதைய நிறுவனமும் திட்டத்தின் பெயரும், ஒப்பந்தம் முடியும் தேதி, இடையில் விலகினால் கட்ட வேண்டிய தொகை, கட்டணம் செலுத்தும் முறை ஆகியவற்றையும் கேளுங்கள். நிலுவை வைத்திருக்கும் வீடுகளை மாறவிடாமல் தடுக்கும் உரிமை சில இடங்களில் பழைய நிறுவனத்துக்கு உண்டு என்பதால் அதையும் முன்பே அறிந்துகொள்வது தேவை. அந்தக் கேள்வியை மட்டும் தனியாக, மற்றவர் அறியாதபடி கேட்பது பண்பு.

வங்கிக் கணக்கு எண்ணை இந்தக் கட்டத்தில் யாரிடமும் வாங்கக் கூடாது. திரட்டிய விவரத்தை யார் பார்ப்பார்கள், எவ்வளவு காலம் வைத்திருப்பார்கள், எப்போது அழிப்பார்கள் என்பதைப் படிவத்திலேயே எழுதி ஒப்புதல் பெறுங்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் 2018 மே மாதம் முதல் நடைமுறையில் இருக்கும் தரவுப் பாதுகாப்பு விதிகள் தன்னார்வக் குழுக்களையும் கட்டுப்படுத்தக்கூடியவை. ஏலத்துக்கு முன் வழங்குநர்களுக்குப் பெயர், முகவரி எதுவும் போகக் கூடாது. தொகுத்த கணக்கு மட்டும் போனால் போதும்.

நான்காம் படி: கேட்பதை எழுதுதல்

தொகுத்த கணக்கின் முதல் பக்கத்தில் வீடுகளின் எண்ணிக்கை, மொத்த ஆண்டுப் பயன்பாடு, குறைவாகவும் நடுத்தரமாகவும் அதிகமாகவும் பயன்படுத்தும் வீடுகளின் விகிதம், அடுத்த மூன்று மாதங்களுக்குள் அபராதமின்றி மாறக்கூடிய வீடுகளின் எண்ணிக்கை ஆகியவை இருக்கட்டும். கடைசியாகச் சொன்ன எண்ணிக்கையைத்தான் விற்பனைப் பிரிவு முதலில் பார்க்கும். அதை ஊதிப் பெருக்கிக் காட்டினால் இந்த முறை நல்ல விலை கிடைக்கலாம். மாறியவர் எண்ணிக்கை குறைந்துபோனால் அடுத்த முறை அந்தக் குழுவை ஒருவரும் பொருட்படுத்த மாட்டார்கள்.

நிபந்தனைகளில் விட்டுவிடக் கூடாதவை சில உண்டு. விலை எத்தனை மாதங்களுக்கு மாறாமல் இருக்கும் என்பதையும், அந்த உறுதி யூனிட் விலைக்கு மட்டுமா, பயன்பாடு எவ்வளவானாலும் நாள்தோறும் கட்ட வேண்டிய நிலைக் கட்டணத்துக்கும் சேர்த்தா என்பதையும் தெளிவாகக் கேளுங்கள். விலகல் கட்டணம் இல்லாமலிருப்பது நல்லது. இருந்தாலும், குடிபெயர்ந்து செல்பவர்களுக்கு விலக்கு வேண்டும். முன்பண மீட்டர் வைத்திருப்போருக்கும், இணைய வசதியின்றித் தாளில் பில் வாங்கும் முதியவர்களுக்கும் அதே விலை உண்டா என்று கேட்பது மிக முக்கியம், ஏனெனில் பேசாமல் விட்டால் இவர்கள்தான் வெளியே தள்ளப்படுவார்கள். ஏற்கும் வாடிக்கையாளர் எண்ணிக்கைக்கு உச்சவரம்பு இருந்தால் முன்பே சொல்லச் சொல்லுங்கள். ஏலத்தில் கேட்ட விலை எத்தனை நாள் செல்லும் என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். உறுப்பினர்கள் யோசித்து முடிவெடுக்கக் குறைந்தது மூன்று வாரம் தேவைப்படும்.

ஐந்தாம் படி: ஏலம்

இது வழக்கமான ஏலத்துக்கு நேர் எதிரானது. விலை ஏறாமல் இறங்கிக்கொண்டே வரும். குறித்த நாளில், குறித்த நேரத்துக்குள், வழங்குநர்கள் ஒருவர் கேட்ட விலையை மற்றவர் பார்த்துக் குறைத்துக் கேட்கலாம். பங்கேற்பவர்கள் இரண்டு மூன்று பேர்தான் என்றால் முத்திரையிட்ட உறையில் ஒரே முறை விலை கேட்பது மேல். ஆள் குறைந்த திறந்த ஏலத்தில், இரண்டாம் இடத்தில் இருப்பவரைவிடச் சற்றே குறைத்துவிட்டு நிறுத்திக்கொள்வார்கள்.

ஏலத்துக்கு முன்பே ஒரு தற்காப்பு ஏற்பாடு செய்துகொள்ளுங்கள். அன்றைய தேதியில் வெளிச்சந்தையில் எவருக்கும் கிடைக்கும் மிக மலிவான திட்டம் எது என்று குறித்து வைத்து, ஏலத்தில் வென்ற விலை அதைவிடக் குறையவில்லை என்றால் உறுப்பினர்களிடம் அதை மறைக்காமல் சொல்வதாகக் குழுவுக்குள் முன்கூட்டியே முடிவெடுத்துவிட வேண்டும். முடிவு தெரிந்த பிறகு இதைப் பேச உட்கார்ந்தால், உழைத்த களைப்பில் எல்லோருக்கும் அந்த விலை நல்ல விலையாகவே தோன்றும்.

மலிவாகக் கேட்ட நிறுவனம் தாக்குப்பிடிக்குமா என்பதையும் பார்க்க வேண்டும். பல இடங்களில் வழங்குநர் நொடித்தால் மின்சாரம் நின்றுவிடாதபடி வேறொரு நிறுவனத்துக்கு வாடிக்கையாளர்களை மாற்றிவிடும் ஏற்பாடு இருக்கிறது. ஆனால் பேரம் பேசி வாங்கிய விலை அதோடு போய்விடும். நிறுவனத்தின் கடைசி ஆண்டுக் கணக்கறிக்கையையும், ஒழுங்குமுறை அமைப்பு வெளியிடும் புகார் விவரங்களையும் ஒரு மாலைப் பொழுதில் படித்துவிடலாம்.

ஆறாம் படி: வீடுதோறும் கணக்குப் போடுதல்

எல்லா வீடுகளுக்கும் ஒரே திட்டம் மலிவாக அமையும் என்று எண்ணுவது பெரும் பிழை. ஓர் உதாரணம் பார்ப்போம். 100 காசு ஒரு நாணயம் என்று வைத்துக்கொள்ளலாம். முதல் நிறுவனம் நாளொன்றுக்கு 60 காசு நிலைக் கட்டணமும் யூனிட்டுக்கு 24 காசும் கேட்கிறது. இரண்டாம் நிறுவனம் நாளொன்றுக்கு 30 காசும் யூனிட்டுக்கு 28 காசும் கேட்கிறது. ஆண்டுக்கு 1,500 யூனிட் பயன்படுத்தும் சிறிய வீட்டுக்கு முதல் நிறுவனத்தில் 579 நாணயம் ஆகும், இரண்டாவதில் 529.50 போதும். ஆண்டுக்கு 4,500 யூனிட் பயன்படுத்தும் பெரிய குடும்பத்துக்கோ முதலாவதில் 1,299, இரண்டாவதில் 1,369.50. ஏறத்தாழ 2,740 யூனிட்டில் இரண்டும் சமமாகின்றன. குழுவின் சராசரிப் பயன்பாடு 3,500 யூனிட் என்றால் வெற்றி முதல் நிறுவனத்துக்குப் போகும். தனியாக வாழும் முதியவர்களும் சிறு வீட்டார்களும் கூட்டத்தின் தீர்ப்புக்காக அதிகம் கட்டுவார்கள்.

இதைத் தவிர்க்க ஒரு வழி, குறைந்த பயன்பாட்டுக்கும் அதிகப் பயன்பாட்டுக்கும் தனித்தனி ஏலப் பிரிவுகள் வைப்பது. குழு சிறியதாக இருந்து அது இயலாவிட்டால், ஒவ்வொரு வீட்டுக்கும் அதன் சொந்த யூனிட் கணக்கை வைத்து, இப்போதைய ஆண்டுச் செலவு, புதிய திட்டத்தில் ஆகும் ஆண்டுச் செலவு, விலகல் கட்டணம் கழித்து மிஞ்சும் தொகை ஆகிய மூன்றையும் தனிக் கடிதமாக அனுப்புங்கள். மிச்சம் இல்லாத வீட்டுக்கு ‘உங்களுக்கு இது பயன்படாது, இருக்கும் இடத்திலேயே இருங்கள்’ என்று எழுதத் தயங்க வேண்டாம். அந்த ஒரு கடிதம் பெற்றுத் தரும் நம்பிக்கையை எந்த விளம்பரமும் தராது. சேர்வதும் சேராததும் கடைசி வரை அவரவர் விருப்பமாகவே இருக்க வேண்டும். பெயர் கொடுத்ததே ஒப்பந்தம் ஆகிவிடாது என்பதைத் தொடக்கத்திலிருந்தே சொல்லி வாருங்கள்.

ஏழாம் படி: மாறும் நாள்

நிறுவனம் மாறும்போது கம்பியோ மீட்டரோ மாறுவதில்லை, மின்சாரமும் ஒரு நொடிகூட நிற்பதில்லை. பில் போடுபவர் மட்டுமே மாறுகிறார். இதை எத்தனை முறை சொன்னாலும் அஞ்சுபவர்கள் இருப்பார்கள், ஆகவே கடிதத்தின் முதல் வரியிலேயே எழுதிவிடுவது நல்லது. மாறும் நாளில் மீட்டர் எண்ணைத் தேதி தெரியும்படி படம் எடுத்து வைப்பதுதான் ஒவ்வொரு வீட்டாரும் செய்ய வேண்டிய முக்கிய வேலை, ஏனெனில் பழைய நிறுவனத்தின் கடைசி பில்லும் புதிய நிறுவனத்தின் முதல் பில்லும் ஒரே எண்ணில் சந்திக்காதபோதுதான் பெரும்பாலான தகராறுகள் எழுகின்றன. பழைய கணக்கில் மிகுந்திருக்கும் பணத்தைக் கேட்டு வாங்க வேண்டும். இறுதி பில் தீரும்வரை வங்கித் தானியங்கிச் செலுத்துதலை நிறுத்தாமல் இருப்பது நல்லது. பிரிட்டனிலும் ஐரோப்பிய ஒன்றியத்திலும் இணையம் வழியாகவோ தொலைபேசியிலோ செய்த ஒப்பந்தத்தை 14 நாட்களுக்குள் காரணம் சொல்லாமல் ரத்து செய்யலாம்.

யூனிட் விலை பேரத்துக்கு இடமில்லாத இடங்களில்

கட்டணம் நிர்ணயிக்கப்பட்ட இடங்களிலும், குழு மிகச் சிறியதாக இருக்கும் இடங்களிலும் வேறு பொருட்களைக் கூட்டாக வாங்கலாம். தொட்டியில் நிரப்பும் வெப்பமூட்டும் எண்ணெய் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. பிரிட்டனின் கிராமப்புறங்களில் எண்ணெய்க் குழுக்கள் நெடுங்காலமாக இயங்குகின்றன. அங்கே ஒரு வீட்டுக்குக் குறைந்தது 500 லிட்டர் வாங்க வேண்டும் என்பதே பொதுவான வழக்கம். ஒரே தெருவில் பத்து வீடுகள் ஒரே நாளில் வாங்கினால் லாரியின் ஓட்டம் மிச்சமாகிறது. மின்சாரத்தில் ஆயிரம் வீடுகள் செய்வதை இங்கே பத்துப் பதினைந்து வீடுகளே செய்துவிடுகின்றன. விறகுக் குச்சி எரிபொருளுக்கும் எரிவாயு உருளைக்கும் இதே கணக்குப் பொருந்தும். கூரைமேல் சூரியத் தகடுகளையும் இவ்வாறே வாங்கலாம். அங்கே தகட்டின் விலையைவிட, நிறுவுவோர் ஒரே பகுதியில் தொடர்ந்து வேலை செய்வதால் மிச்சமாகும் ஆள்கூலியும் சாரம் கட்டும் செலவும்தான் தள்ளுபடியாக மாறுகின்றன. தகடு, இன்வெர்ட்டர், நிறுவும் வேலை மூன்றுக்கும் தனித்தனி உத்தரவாதத்தை எழுத்தில் கேளுங்கள்.

எட்டாம் படி: ஒப்பந்தம் முடியும் முன்

பல குழுக்கள் தடுமாறும் இடம் இது. நிலைத்த விலைக் காலம் முடிந்ததும் வீடுகள் தாமாகவே நிறுவனத்தின் வழக்கமான, விலை கூடிய திட்டத்துக்குள் நழுவிவிடுகின்றன. முதலாண்டில் மிச்சம் பிடித்ததை இரண்டாமாண்டில் திருப்பிக் கொடுத்ததுபோல் ஆகிறது. எனவே ஒப்பந்தம் கையெழுத்தாகும் நாளிலேயே அடுத்த சுற்றுக்குத் தேதி குறியுங்கள். முடிவுக்குப் பத்து வாரம் முன்பு புதிய யூனிட் கணக்குகளைத் திரட்டத் தொடங்கினால் முடிவுக்கு ஏழு வாரம் இருக்கும்போதே ஏலத்தை முடிக்கலாம். பிரிட்டனில் நிலைத்த ஒப்பந்தத்தின் கடைசி 49 நாட்களில் விலகல் கட்டணமின்றி மாறலாம் என்ற விதி இருக்கிறது. உங்கள் நாட்டில் அத்தகைய இடைவெளி உண்டா, எத்தனை நாள் என்பதைப் பார்த்து அதற்கேற்ப அட்டவணையை அமைக்க வேண்டும். இரண்டாம் சுற்றில் இப்போதைய நிறுவனத்தையும் ஏலத்துக்கு அழையுங்கள். வாடிக்கையாளர்கள் ஒட்டுமொத்தமாக வெளியேறக்கூடும் என்று அறிந்த நிறுவனம், முதல் சுற்றில் கேட்டதைவிட இறங்கி வருவது உண்டு. அப்படி வந்தால் எவரும் எங்கும் மாறாமலே புதிய விலை நடைமுறைக்கு வந்துவிடும்.